வராத பிள்ளையை யார் தேடுவது?

என் அன்பு மகளுக்கு,

கோயில் மண்டபத்தில் நான் பேசியதை நீ என்னிடமிருந்து கேட்டிருக்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்து, சேலை மாற்றி, இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் பதுளையில் யாரோ கொழும்பில் யாருக்கோ சொல்லி, அவர் உனக்குச் சொல்லிவிட்டார். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ தொலைபேசியில் கேட்டது ஒன்றைத்தான்: "அம்மா, மைக்க அவங்க குடுத்தாங்களா, நீங்களே வாங்கினீங்களா?" நானே வாங்கினேன் என்றேன். "நீங்களா?" என்றாய். ஆசிரியர் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள் உன் அம்மா என்பது உனக்குத் தெரியும். கோபத்துக்கு முன்னால் ஆச்சரியம் வந்து நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

எனக்குத் தொலைபேசியில் பேச வராது. அதனால் எழுதினேன். எழுதியதை உனக்கு அனுப்பி, ஒரு சஞ்சிகையில் போடட்டுமா என்றும் கேட்டேன். இது நம் வீட்டுக்குள் மட்டும் நடந்த விஷயம் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டதால்தான் கேட்டேன். "போடுங்க. பேரு மட்டும் வேணாம். அப்புறம் அந்த அட்வைஸ் பகுதிய நல்லா வெட்டுங்க" என்று பதில் அனுப்பினாய். நல்லாவே வெட்டியிருக்கிறேன். இங்கே இருப்பது வெட்டியது போக மிச்சம்.

தீபாவளிக்கு முதல் நாளிலிருந்து தொடங்குகிறேன். அடுப்படியில் நீ முறுக்குப் பிழிய, நான் வேகவைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடத்தில் என்னென்ன பாடம் என்று கேட்டேன். பேச்சுக்குக் கேட்ட கேள்வி. நீ தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனாய். போன தீபாவளிக்கும் அதே பாடங்களைத்தான் சொன்னாய் என்பது ஒரு ஈடு முறுக்கு வெந்து வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. படிக்காமல் வந்த பிள்ளைகள் படித்ததுபோல் பதில் சொல்வதைக் கேட்டே இத்தனை வருடம் சம்பளம் வாங்குகிறவள் நான். "அது ரெண்டாவது வருசத்துப் பாடமாச்சே" என்றேன். நீ பிழிவதை நிறுத்தவில்லை. "ரெண்டாவது வருசத்தோட நான் போறதில்லம்மா" என்றாய்.

பிறகு, வகுப்பில் எழுந்து நின்று விடை சொல்கிற பிள்ளைபோல எல்லாவற்றையும் சொன்னாய். முதல் வருடம் இரண்டு பாடம் விட்டுப்போனது. நீ தமிழில் படித்த கணிதம் அங்கே ஆங்கிலத்தில் வேறொரு கணிதமாக இருந்தது. விடுதி முதல் வருடத்தாருக்கும் கடைசி வருடத்தாருக்கும்தான் என்பதால் இரண்டாம் வருடம் வெளியே அறை எடுத்தாய். அறை தூரம். மீள்பரீட்சையும் புதிய வருடத்துப் பரீட்சையும் ஒரே கிழமையில் விழுந்தன. ஒருநாள் போகவில்லை, அடுத்து ஒரு கிழமை போகவில்லை, அதற்குப் பிறகு போக வெட்கமாகிவிட்டது. கொழும்பில் வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்காகக் கணினியில் விபரம் பதியும் வேலை ஒன்று கிடைத்தது. இவை எல்லாவற்றையும் என்னால் தாங்க முடிந்தது. கடைசியில் சொன்னாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "ஒரு வருசம் ஆச்சும்மா. நான் வரலன்னு அங்க யாரும் தேடல. ஒரு போன் இல்ல, ஒரு மெயில் இல்ல. நான் அங்க இருந்ததே யாருக்கும் தெரியாது போல."

அடுப்பில் இருந்த ஈடு கருகிய வாசனைக்கு அப்பா எழுந்து வந்தார். "என்னப்பா, தாயும் மகளும் அடுப்பை மறந்துபோட்டீங்களோ?" என்றார். அவருக்கும் அப்போதே சொன்னோம். அவர் கருகிய முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் தின்னலாம்" என்றார். இருபத்தைந்து வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த முறை அதுதான்.

அதற்குப் பிறகு பொங்கலுக்கு நீ வரவில்லை. சித்திரைக்கும் வரவில்லை, தேருக்கும் வரவில்லை. லீவு இல்லை என்றாய். லீவு இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து நம் வாசல்வரை உன்னை எத்தனை பேர் "எஞ்சினியர் தங்கச்சி" என்று கூப்பிடுவார்கள் என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

அந்தப் பெயர் உனக்கு எப்படி வந்தது என்பதை யோசித்துப் பார்த்தேன். நம் பக்கத்தில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால் அதைச் சும்மா விடமாட்டார்கள். சந்தியில் படத்தோடு பேனர் கட்டுவார்கள். தப்பு அடித்து, மாலை போட்டு, கோயில்வரை அழைத்துப் போய்ப் பொன்னாடை போர்த்துவார்கள். நீ தெரிவான வருடம் உன் படத்துக்குக் கீழே "பொறியியலாளர்" என்று அச்சடித்திருந்தார்கள். "பொறியியல் பீட மாணவி" என்று போட இடம் போதவில்லையாம். இன்னும் ஒரு வகுப்புக்குக்கூடப் போகவில்லையே என்று கோயில் கமிட்டித் தலைவரிடம் சொன்னேன். நீ தலைவர் மாமா என்று கூப்பிடுகிற அதே மனிதர். அவர் சிரித்தார். "என்ன டீச்சர் நீங்க, உள்ள போற புள்ள வெளிய வராமலா போயிரும்?" அதற்கு மேல் பேசியிருந்தால் பெற்ற பிள்ளையின் புகழைப் பொறுக்காதவள் என்று ஆகியிருக்கும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக உள்ளே நுழைவதே அதிசயமாக இருந்த இடத்தில் நுழைவதைத்தான் கொண்டாடுவார்கள். ஆனால் என் காலத்தில் அந்தக் கொண்டாட்டமும் இல்லை. மடுல்சீமையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த உன் தாத்தா ஒருநாள் லீவு போட்டு, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து என்னைப் பதுளையில் ரயில் ஏற்றிவிட்டார். முதல் வருடம் ஆங்கிலப் பரீட்சையில் தவறி, அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் லய வரிசையில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். பரீட்சையில் பெயில் என்றேன். "அட, அதுக்கா? எப்ப திரும்பப் போற?" என்றார்கள். ஒரு கிழமை இருந்துவிட்டுப் போனேன். யாரும் என்னை அதற்குள் பட்டதாரி ஆக்கி வைத்திருக்கவில்லை. அதனால் பெயிலாகி வீட்டுக்கு வர எனக்கு வழி இருந்தது. உன்னை நாங்கள் ஊரோடு சேர்ந்து கொண்டாடியபோது அந்த வழியை அடைத்துவிட்டோம்.

இனி அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருடம் தெரிவான பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்த என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வராமல் இருக்கக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. தலைவர் மாமா மைக்கில், "நம்ம டீச்சரோட மக இப்ப மூணாவது வருசம். அடுத்த வருசம் எஞ்சினியரா வந்து இதே மேடையில நிப்பா" என்றார். கைதட்டினார்கள். நான் வழக்கம்போலப் புன்னகைத்தேன். ஊருக்குப் பொய் சொல்வது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை. தலையை ஆட்டினால் போதும், மற்றதை ஊரே சொல்லிக்கொள்ளும்.

பிறகு ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒன்று மேடைக்கு வந்தது. உன் பீடம்தான். பொன்னாடையைப் போர்த்தும்போது அது என் காதோரம், "டீச்சர், ஒங்க மகளோட நம்பர் குடுப்பீங்களா? எனக்கு அங்க யாரையும் தெரியாதுங்க. பயமா இருக்கு" என்றது. ஊருக்குத் தலையாட்டியதுபோல அந்தப் பிள்ளைக்குத் தலையாட்ட என்னால் முடியவில்லை. இன்னும் சில மாதத்தில் அது அங்கே போய் உன்னைத் தேடும். தேடி, நீ இல்லை என்று தெரிந்துகொள்ளும். அந்த நிமிடம் யோசித்துத்தான் மைக்கை வாங்கினேன் என்று சொன்னால் அது பொய். வாங்கிய பிறகுதான் யோசித்தேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். வேறு விதமாக யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் அது அவர்கள் சேர்த்தது. "என் மகள் படிப்பை நிறுத்தி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. அவ நல்லா இருக்கா, வேலை செய்றா. இங்க வரத்தான் வெட்கப்படுறா. பிள்ளைகளே, ஒங்களுக்கு அங்க கஷ்டம் வந்தா வீட்டுல சொல்லுங்க. வீட்டுல இருக்கிறவங்க கேட்டுட்டுத் திட்டாதீங்க." சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அது கீச்சிட்டது. இன்னும் பொன்னாடை போர்த்தாத பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே தலைவர் மாமா, "இப்ப எல்லாரும் டீ குடிச்சிட்டு வரலாம்ங்க" என்று அறிவித்துவிட்டார்.

டீ மேசைப் பக்கம் என்னைத் தனியே விடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. முதலில் பசறையில் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து, சீனி எடுக்கிற சாட்டில் குனிந்து, "எங்க வீட்டுலயும்தான் டீச்சர்" என்றார். அவர் போனதும் இன்னொருவர். பிறகு ஒரு தாய், மகள் பற்றி. ஒவ்வொருவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் வீட்டில் மட்டும்தான் என்பதுபோல் சொன்னார்கள். ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு இருவரும் அதையே சொன்னார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. நம் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் உள்ளே போய் வெளியே வரவில்லை என்பது அரசாங்கத்துக்கு மட்டுமா தெரியாது? பக்கத்து வீட்டுக்கே தெரியவில்லை.

எல்லோரும் அப்படி இல்லை. கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பன் மறைக்காமல் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். எம் பையன் அந்த வருசந்தான் எழுதினான். வெட்டுப்புள்ளி கொஞ்சத்துல போச்சு. இப்ப எல்ல டவுன்ல வெள்ளக்காரங்கள ஏத்திக்கிட்டு த்ரீவீல் ஓட்டுறான். ஒங்க மக வுட்டுட்டு வந்த எடம் எம் மகனுக்குக் கெடைச்சிருக்குமே." பதுளை பின்தங்கிய மாவட்டம் என்று நமக்கென்று ஒதுக்கிக் குறைந்த வெட்டுப்புள்ளியில் தருகிற இடம் அது. அவர் கேட்டது நியாயம். இதை உனக்கு மறைத்திருக்கலாம். ஆனால் நல்லதாகச் சொன்னவர்களை மட்டும் எழுதினால் இந்தக் கடிதத்தை நீ நம்ப மாட்டாய்.

கடைசியில் லெச்சுமி வந்தாள். நீ அவளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். மடுல்சீமையில் நானும் அவளும் ஒரே வகுப்பு. சாதாரண தரப் பரீட்சையோடு அவள் கொழுந்து பறிக்கப் போனாள், நான் படிக்கப் போனேன். நாலு பேர் முன்னால் என்னை "டீச்சர்" என்பாள், தனியாக மாட்டினால் "ஏ புள்ள". என் கையைப் பிடித்து மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "ஏ புள்ள, சுதாகரும் கேம்பஸ் போறதில்லடி. கொழும்பு புறக்கோட்டையில துணிக்கடையில நிக்கிறான். எனக்கு மூணு மாசமா தெரியும். ஒனக்குச் சொல்ல வெக்கமா இருந்திச்சு. ஒம் மக எஞ்சினியராகுறா, எம் மகன் இப்பிடின்னு." நானும் அவளுக்குச் சொல்லாமல்தான் இருந்தேன் என்றேன். "நல்லா இருந்தோம் போ ரெண்டு பேரும்" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகு அவள் கேட்டாள்: "அவங்க திரும்பப் போகலாமா? வழி இருக்கா?" இத்தனை வருடம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்து, பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் நான். உள்ளே அனுப்புகிற வழியெல்லாம் தெரியும். திரும்ப அனுப்புகிற வழி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது வருடம் பதுளைக் கச்சேரியில் அரசாங்க வேலை செய்தும் அவர் பேச்சு மாறவில்லை. கோபம் வந்தால் இன்னும் கூடும். "நீர் சொன்னது பிழையில்லை. ஆனா அவளிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீரே?" கேட்கவில்லை என்றேன். "அவளின்ர கதை அது. அவள் சொல்லியிருக்க வேணும், இல்லாட்டிச் சொல்லாமல் விட்டிருக்க வேணும். முதல்ல பிள்ளைக்கு எழுதும். பிறகு ஊரைத் திருத்தலாம்." அவர் சொன்னது சரி. உண்மையைச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை, உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு வருந்துகிறேன். நீ அடுத்த நாள் மறுபடி போன் எடுத்தபோது, நான் சொன்ன அந்த ஹல்துமுல்லைப் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டாய், எந்தப் பாடசாலை, ஆங்கிலம் வருமா என்று. உன் இலக்கத்தை நான் அதற்குக் கொடுக்கவில்லை. கொடுப்பதும் விடுவதும் உன் விருப்பம்.

அதற்கு அடுத்த மாதம் பதுளையில் உயர்கல்வி பற்றி மாகாண மட்டத்தில் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. மண்டபத்தில் பேசியதைக் கேள்விப்பட்டு என்னையும் அழைத்திருந்தார்கள். திரையில் படம் காட்டினார்கள். வருடா வருடம் ஊவா மாகாணத்திலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களின் தொகை மேலே ஏறிக்கொண்டு போனது. நல்ல விஷயம்தான். இவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்டேன். அது பல்கலைக்கழகங்களிடம் இருக்கும் என்றார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த அம்மையார் பாடவாரியாக இருக்கிறது, மாவட்டவாரியாக இல்லை என்றார். இடைவேளையில் ஓர் அதிகாரி, உன் அப்பா ஊர்க்காரர், என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ரீச்சர், உள்ள போறதைத்தான் எங்களிட்டக் கேப்பினம். வெளிய வாறதை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

என்ன செய்யலாம் என்று கேட்டபோது எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். உயர்தரப் பரீட்சை எழுதியதற்கும் பல்கலைக்கழகம் திறப்பதற்கும் இடையில் பிள்ளைகள் சும்மா காத்திருக்கிற நீண்ட காலம் ஒன்று இருக்கிறது. நீ அந்தக் காலத்தில் தையல் பழகினாய், ஞாபகமா? அந்தக் காலத்தில் இங்கேயே பதுளையில், தமிழில் படித்த கணிதத்தை ஆங்கிலத்தில் எழுதப் பழக்கலாம். தூரத்துப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வருடத்திலும் விடுதி தரலாம். பிள்ளைகள் அதிகம் விழுவது அந்த வருடத்தில்தான், விடுதி இல்லாததும் அந்த வருடத்தில்தான். மீள்பரீட்சையை வேறொரு கிழமையில் வைக்கலாம், அதற்கு நாட்காட்டி தவிர எதுவும் வேண்டியதில்லை. ஒரு பிள்ளை தொடர்ந்து வகுப்புக்கு வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் ஓர் ஆள் போன் எடுத்துக் கேட்க வேண்டும். இதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், பல்கலைக்கழகம் பாலர் வகுப்பு இல்லையே என்று. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். கூட்டத்தின் முடிவாகக் கடைசியில் வாசிக்கப்பட்டது "விழிப்புணர்வுக் கருத்தரங்குகள் நடத்துவது" என்பதுதான். நீ என்னைச் சந்தேகப்பிராணி என்பாய். இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போய்த்தான் நான் அப்படி ஆனேன்.

சிரித்தவர்களை நினைத்துக்கொண்டே மறுகிழமை லெச்சுமியோடு பஸ் ஏறினேன். வழி இருக்கிறதா என்று உன் பீடத்துக்கே போய்க் கேட்பது என்று முடிவெடுத்திருந்தோம். அவள் மகனும் அங்கேதான் பதிந்தவன். அவள் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பண்டாரவளை தாண்டும்போது அவளிடம் சொன்னேன்: தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது ஓர் ஆள் இல்லாவிட்டால் அடுத்த நிமிடமே கேள்வி வரும், வெயில் ஏறுவதற்குள் லயத்துக்கே ஆள் வந்து விசாரிக்கும், இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் ஒரு வருடமாக ஒரு பிள்ளையைத் தேடவில்லையே என்று. பெரிய கருத்து ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. லெச்சுமி சம்பலைத் தொட்டுக்கொண்டே, "போடி. அக்கறையிலயா தேடுறான்? அரைப்பேர் போடத்தான்" என்றாள். பாதிநாள் சம்பளத்தை வெட்டுவதற்கு. அது உண்மைதான். ஆனாலும் வெட்டுவதற்காவது அவர்களுக்கு எங்கள் பேர் தெரிந்திருந்தது. உன்னை யாரும் வெட்டவும் இல்லை, வைத்திருக்கவும் இல்லை.

பீட அலுவலகத்தில் இருந்தவர் ஒரு சிங்களப் பெண், என் வயது இருக்கும். நான் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கேட்டேன். என்னோடு வந்த லெச்சுமிக்காக அவர் தனக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார். கணினியில் உன் பெயரைத் தேடி எடுத்து, "இருக்கு. ஒங்க மகள் இன்னும் எங்க ஸ்டூடன்ட் தான்" என்றார். சுதாகர் பெயரும் இருந்தது. விலகுகிறேன் என்று யாரும் எழுதிக் கொடுக்காதவரை பெயர் இருக்குமாம். முதலில் பதிந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் முடிப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்த மாத முடிவுக்குள் மறுபடி பதிந்தால் இரண்டாம் வருடத்திலிருந்து தொடரலாம். அப்போது அந்தக் கொஸ்லந்தைத் தகப்பனின் கேள்வியை அவரிடம் கேட்டேன், இவர்கள் விட்டுப்போன இடம் வேறு யாருக்காவது போகுமா என்று. இல்லை என்றார். முதல் வருடம் தொடங்கிய பிறகு விடுகிற இடம் யாருக்கும் போகாது, பட்டம் கொடுக்கிற நாள்வரை வெறுமனே கிடக்கும். வெட்டுப்புள்ளிக்காக நாடாளுமன்றம்வரை சண்டை போடுகிறோம். இப்படி வெறுமனே கிடக்கும் இடங்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

மறுபதிவுப் படிவத்துக்காக நான் பேனாவை எடுத்தேன். உன் பாலர் வகுப்பிலிருந்து உயர்தரம்வரை எல்லாவற்றிலும் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அப்பாவுக்குக்கூட விட்டதில்லை. அந்தப் பெண் தலையை அசைத்தார். "அம்மா சைன் பண்ண ஏலாது. பிள்ளை வரணும்." லெச்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன தூரம் வந்திருக்கோம்ங்க. நாம் பெத்த புள்ளைக்கு நாங் கையெழுத்துப் போடக் கூடாதா?" அந்தப் பெண் சிரித்து, "எனக்கும் பிள்ளை இருக்கு அம்மா. ஆனா பிள்ளைதான் வரணும்" என்றார். பேனாவைத் திரும்பப் பையில் வைத்தேன். வெளியே வந்து, மாணவர்கள் போய்வருகிற படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்து மிச்ச ரொட்டியைத் தின்றோம். லெச்சுமி போகிற வருகிற பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டுப் புள்ளைக இருக்குதுக. இதுல நம்ம ரெண்ட எவன் தேடுவான்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அந்த இடத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு அது விளங்கியது, எனக்கும்தான்.

இனி வெட்டாமல் விட்ட கொஞ்ச அறிவுரை. பட்டம் இருந்தால்தான் மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். பட்டம் வாங்கிவிட்டு வேலை கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். எல்லயில் த்ரீவீல் ஓட்டுகிற அந்தப் பையன் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவான். நீ இப்போது செய்கிற வேலையை விரும்பிச் செய்கிறாய் என்றால் அதில் இரு, அதில் மேலே போக என்ன படிக்க வேண்டுமோ அதைப் படி. ஆனால் அதை விரும்புகிறாயா, இல்லை, அங்கே உன்னை யாருக்கும் தெரியாது என்பதற்காக இருக்கிறாயா என்று நீயே ஒருமுறை கேட்டுப் பார். அப்படிக் கேட்டு வந்த பதில் எதுவாக இருந்தாலும் அதை நான் நம்புவேன்.

திரும்பிப் போவதாக இருந்தால் அது சுலபம் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். உனக்குப் பின்னால் வந்தவர்கள் உனக்கு முன்னால் போயிருப்பார்கள். உன்னோடு சேர்ந்தவர்கள் கடைசி வருடத்தில் இருப்பார்கள், உன்னைக் கண்டு ஒரு கணம் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பார்கள். விட்டுப்போன அந்த இரண்டு பாடமும் நீ இல்லாத நேரத்தில் இலகுவாகிவிடவில்லை. விடுதி இல்லாத வருடத்துக்கு அறை பார்ப்பதில் அப்பா இப்போதே இறங்கிவிட்டார், வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பதில்லை. "சும்மா விசாரிச்சு வைக்கிறன், அவ்வளவுதான்" என்கிறார். ஒவ்வொரு கிழமையும் நான் போன் எடுப்பேன். பாடத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன், வகுப்புக்குப் போனாயா என்று மட்டும் கேட்பேன். போகவில்லை என்றால் ஏன் என்று கேட்பேன். அது தொல்லையாகத்தான் இருக்கும். பல்கலைக்கழகம் அந்தத் தொல்லையை ஏற்றுக்கொள்ளும் நாள்வரை வீட்டார்தான் அதைச் செய்ய வேண்டும்.

சுதாகர் என்ன முடிவெடுத்தான் என்று லெச்சுமிக்கு இன்னும் தெரியாது. நீ என்ன முடிவெடுத்தாய் என்று எனக்கும் தெரியாது. இதைப் படித்துவிட்டு அச்சில் போடச் சொன்னாயே தவிர அதைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மாத முடிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கையெழுத்துப் போடப் போகும் முன்போ, போடாமல் விட்ட பிறகோ, ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது யாராவது, "என்ன தங்கச்சி, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் வாயை மூட என்னால் ஆகாது, மண்டபத்தில் அதைத் திறந்துவிட்டவளே நான்தான். என்ன பதில் சொல்லலாம் என்று இந்த முறை என்னைக் கேட்காதே. உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் சொல். வீட்டுக்குள் வந்ததும் என்ன சொன்னாய் என்று எங்களிடம் சொல்லு. அப்பாவும் நானும் இனி யார் கேட்டாலும் அதையே சொல்வோம்.

உன் அம்மா